குளவியின் விலை நான்காக இருக்கட்டும்

மகன்,

இதை நேற்று மாலை தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் நினைத்தேன். "வெள்ளிக்கிழமை அச்சகத்துக்கு அனுப்புறேன் அப்பா, அதுக்குப் பிறகு ஒன்னும் மாத்த ஏலாது, எல்லாம் ஓகேதானே?" என்று நீ கேட்டாய். "பரவாயில்லை" என்று சொல்லிவிட்டு, மழை எப்படி என்று விசாரித்தேன். முப்பது வருடத்துக்கு மேல் கணிதம் கற்பித்தவன் நான். பிழையைப் பிழை என்று சிவப்பு மையில் எழுத எனக்குத் தெரியும். வாயால் சொல்லத்தான் வருவதில்லை. ஆகவே எழுதுகிறேன். உன் சின்ன வயதுக் கூட்டாளி ரிஸ்வான் நாளை தன் கடைக்குத் துணி எடுக்கக் கொழும்புக்குப் போகிறானாம். உன் கையில் நேரே கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறான். உறையை ஒட்டித்தான் கொடுக்கிறேன், இருந்தாலும் அவன் படித்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. வேறு யார் படித்தாலும் இல்லை. பிள்ளைகள் செய்து கொண்டுவந்து காட்டுவதை எல்லாம் நல்லாயிருக்கு என்று சொல்லிவிட்டு உள்ளே புழுங்குகிற பெற்றோர் இந்த ஊரில் நான் ஒருவன் மட்டும் இல்லை. அப்படிப்பட்டவர்களுக்கும் விளங்கட்டும் என்று, நீ அறிந்த விடயங்களையும் சேர்த்தே எழுதுகிறேன். பொறுத்துக்கொள்.

நீ உருவாக்கி, உன் கல்யாணத்துக்கு வரும் கூட்டாளிகளுக்குப் பெட்டியில் போட்டுக் கொடுக்க அச்சடிக்கப்போகும் சீட்டு விளையாட்டைப் பற்றித்தான் பேச்சு. ஒவ்வொருவரும் ஒரு பொதியைப் பிரித்து, அதிலிருந்து ஒரு சீட்டை எடுத்துக்கொண்டு, மிச்சத்தைப் பக்கத்தில் இருப்பவருக்குத் தள்ளுவது. வந்ததிலிருந்து மீண்டும் ஒன்று, மீண்டும் தள்ளு. நீங்கள் இதை ட்ராப்ட் என்கிறீர்கள். அப்படிச் சேர்த்த சீட்டுகளை வைத்துத்தான் பிறகு ஆளுக்கு ஆள் மோத வேண்டும், எதிராளியின் வீட்டை முதலில் இடித்து முடிப்பவர் வென்றவர். ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் தேயிலைக் கொழுந்து கிடைக்கும், சீட்டை மேசையில் வைக்க அந்தக் கொழுந்தைத்தான் செலவழிக்க வேண்டும். சிறுத்தை, எருமை, பால்கார லொறி, தபால்கந்தோர் என்று எல்லாம் நம் பக்கத்துச் சாமான்கள். கொழுந்தை விலையாக வைத்த யோசனை எனக்கு முதல் நாளே பிடித்திருந்தது. அதையும் நான் உன்னிடம் ஒழுங்காகச் சொல்லவில்லை என்று இப்போது நினைவு வருகிறது.

அந்த விளையாட்டின் உயிர் எங்கிருந்து வந்தது என்று உனக்கு மறந்துவிட்டதோ என்று எனக்கு ஒரு பயம். போன வறட்சியில் விக்டோரியா நீர்த்தேக்கம் வற்றியபோது, உனக்கு நிச்சயித்திருக்கும் ஷாமினியையும் அவளுடைய அம்மாவையும் கூட்டிக்கொண்டு நாம் தெல்தெனியப் பக்கம் போனோம். அந்த அம்மா, அணை கட்டியபோது தண்ணீருக்குள் போன பழைய ஊரில் பிறந்தவர். சேறு வெடித்துக் கிடந்த இடத்தில் ஒரு சுவரின் அடியைக் காட்டி, "இதுதான் எங்க கடைவீதி, இந்தப் பக்கம் அப்பா தையல் மெஷின் வச்சிருந்தாரு" என்றார். ஷாமினி அந்த இடத்திலேயே குந்தியிருந்து படம் வரைந்தாள். அடுத்த கிழமை வந்தபோது 'மூழ்கு' என்ற புதிய விதியோடு வந்தாய். ஒரு கொழுந்தைக் கொடுத்துச் சீட்டைக் கவிழ்த்து வைப்பது, அது தண்ணீருக்குள் கிடக்கும், நான்கு சுற்று பொறுத்திருந்தால் நீர் வடிந்து இரட்டிப்புப் பலத்தோடு மேலே வரும். அதில் மிகப் பெரிய சீட்டு 'பழைய கடைவீதி'. படம் அவள் வரைந்தது. அன்றைக்கு நான் உன்னை நினைத்துப் பெருமைப்பட்டேன். இந்தக் கடிதத்தில் இதற்குப் பிறகு வருவதெல்லாம் எரிச்சல்தான், ஆகவே அதை முதலில் எழுதி வைத்துவிடுகிறேன்.

இனி அகற்றும் சீட்டுகளுக்கு வருகிறேன். எதிராளி மேசையில் வைத்ததை இல்லாமல் ஆக்குகிறவை. நீங்கள் ரிமூவல் என்பீர்கள். குளவி, மண்சரிவு, இடமாற்றக் கடிதம். குளவி வந்தால் எந்தச் சீட்டும் போய்விடும். மண்சரிவு எதிராளியுடையதில் ஒன்றையும் நம்முடையதில் ஒன்றையும் சேர்த்துக் கொண்டுபோகும். இடமாற்றக் கடிதம் வைத்தவரின் கைக்கே சீட்டைத் திருப்பி அனுப்பும். அரசாங்க உத்தியோகம் பார்த்த யாரும் அந்தச் சீட்டைப் பார்த்தால் சிரிக்காமல் இருக்கமாட்டார்கள். முதலில் நீ குளவிக்கு நான்கு கொழுந்து விலை போட்டிருந்தாய். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து வந்து, நம் சாப்பாட்டு மேசையில், நீயும் நானும் அம்மாவும் அதைச் சோதித்தோம். "நீங்க ரெண்டு பேரும் ரிமூவல எடுங்க, நான் மூழ்குறத எடுத்துப் பார்க்கிறேன்" என்றாய். சோதிக்கும் முறை என்ற அளவில் அது சரி. பிழை உன் முறையில் இல்லை, எங்கள் இரண்டு பேரிலும்தான்.

அம்மா ஒரு நாளாவது உன் சீட்டின் மேல் குளவியைப் போட்டதை நீ பார்த்திருக்கிறாயா? யோசித்துப் பார். போட்டதே இல்லை. கையில் இரண்டு மூன்று குளவியை விசிறி மாதிரி விரித்துப் பிடித்துக்கொண்டு, உன் சிறுத்தை வந்து தன்னைக் கடித்துக் குதறும் வரைக்கும் பார்த்துக்கொண்டு இருப்பாள். ஒருநாள் நீ கைகழுவ எழுந்து போனபோது கேட்டேன். "பாவம்ங்க, இப்பதான் புள்ள அத வச்சான். வச்சதுமே எப்படி எடுக்கச் சொல்றது?" என்றாள். நான் அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டு, என் கையில் இருந்த மண்சரிவைப் பார்த்தேன். நானும் போடவில்லை. பழைய கடைவீதி மேலே வரும் சுற்று நெருங்கினால் நீ கதிரையின் நுனிக்கு வந்துவிடுவாய். அதைப் பார்த்துக்கொண்டு எப்படிப் போடுவது?

நீயோ கணக்கை மட்டும் பார்த்தாய். மூழ்கிய சீட்டுகள் ஒவ்வொரு முறையும் மேலே வருகின்றன, வந்தால் வெல்கின்றன. குளவிகள் கடைசிவரை கையிலேயே மிஞ்சுகின்றன. இதிலிருந்து நீ எடுத்த முடிவு, மூழ்குவது மிகையான பலம், குளவி யாரும் வாங்க முடியாத விலை. குளவியை மூன்றாக்கினாய். அடுத்த முறையும் அம்மா கையிலேயே வைத்திருந்தாள். இரண்டாக்கினாய். எதிராளியின் சுற்றிலும் போடலாம் என்றாய். பொதிக்குள் குளவியின் எண்ணிக்கையையும் கூட்டினாய். "அம்மா, ரெண்டு கொழுந்துதான், இப்பவாவது போடுங்க" என்று நீ சொன்னதற்கு, "சும்மா தந்தாலும் எனக்கு வேணாம், நீ சாப்பிடு" என்று உன் தட்டில் இன்னொரு கரண்டி பருப்பை ஊற்றினாள். உனக்கு அது சிரிப்பாக இருந்தது. எனக்கு இல்லை. விலை சரியா பிழையா என்று நம் மேசை சொல்லாது, நம் மேசையில் உன்னை யாரும் கொட்டமாட்டார்கள் என்பதை மட்டும்தான் அது சொல்லும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. "விலையைக் கொஞ்சம் பார்த்துக் குறைக்கலாமே" என்றேன். "பார்த்துத்தானே அப்பா குறைக்கிறேன்" என்றாய். அத்தோடு வாயை மூடிக்கொண்டேன்.

இது இன்றைக்கு வந்த பழக்கம் இல்லை. நீ எங்களுக்குப் பத்து வருடம் காத்திருந்து கிடைத்தவன். சின்ன வயதில் பாம்பும் ஏணியும் விளையாடும்போது, பாம்பு கொத்தினால் அழுவாய். ஒருநாள் அம்மா மருந்துக்கட்டுப் பிளாஸ்டரை வெட்டி எல்லாப் பாம்பின் வாயிலும் ஒட்டிவிட்டாள். அன்றிலிருந்து அந்தப் பலகையில் ஏணி மட்டும்தான். நான் பக்கத்தில் இருந்து பேப்பர் வாசித்துக்கொண்டு இருந்தேன். பிறகு நீ ரிஸ்வான் வீட்டில் விளையாடப் போய், அங்கே பாம்பு கொத்தியதும் பலகையைத் தூக்கி எறிந்துவிட்டு வந்தாய். ரிஸ்வான் உன் பின்னாலேயே ஓடிவந்து, "சேர், இவருக்கு மட்டும் ஏன் பாம்பு கொத்தப்படாது?" என்று என்னிடம் கேட்டான். அவன் இன்னும் என்னைச் சேர் என்றுதான் கூப்பிடுகிறான். அந்தக் கேள்வியும் இன்னும் அப்படியே நிற்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததை நீ எப்படிப் பார்த்தாய் என்று எனக்கு விளங்கவில்லை. நான் பார்த்ததைச் சொல்கிறேன். கட்டுகஸ்தோட்டையில் ரிஸ்வானின் கடைக்கு மேல்மாடியில் எட்டுப் பேர் உட்கார்ந்தோம். முதல் முறையாக நம் மேசைக்கு வெளியே நடந்த ட்ராப்ட். பொதியைப் பிரித்ததும் எல்லோரும் குளவியைத்தான் தேடினார்கள். என் கைக்கு வந்த பொதிகளில் குளவி ஏற்கெனவே எடுபட்டிருந்தது, ஷாமினியின் படங்கள் எல்லாம் மிச்சமாக வந்தன. ஒருவர்கூட அவற்றை எடுக்கவில்லை. அவள் மட்டும் எடுத்தாள். கவிழ்த்து வைத்தாள், பொறுத்திருந்தாள். அவளுடைய முதல் சீட்டு மேலே வந்ததுமே குளவிக்குப் போனது. அடுத்ததாக, நான்கு சுற்று போய்ப் பழைய கடைவீதி மேலே வந்தது. அவள் அதை நிமிர்த்தி வைத்த கையை எடுக்கவும் இல்லை, ரிஸ்வான் குளவியைப் போட்டுவிட்டான்.

"ரெண்டாவதும் போச்சா?" என்றாள்.

"கோவிக்காதீங்க தங்கச்சி. கையில ஈக்கிற சாமான வெச்சிட்டு என்ன செய்ற? ரெண்டு கொழுந்துதானே."

"இல்ல, நான் கோவிக்கல. நாலு ரவுண்டு இருந்தேனே, அதான்."

"அடுத்ததையும் வைங்க, அதுக்கும் ஒன்டு ஈக்கி" என்று அவன் சொல்ல, மேசையில் எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். மூன்றாவதும் போன பிறகு அவள் சீட்டுகளை ஒழுங்காக அடுக்கி மேசையில் வைத்துவிட்டு, ரிஸ்வானின் உம்மாவுக்கு உதவி செய்கிறேன் என்று உள்ளே போனாள். மறுபடி விளையாட உட்காரவில்லை. தேநீர் கொண்டுவந்தவள் எனக்குக் கோப்பையை நீட்டும்போது, "அங்கிள், அது வந்து நிக்கிறத ஒரு தடவையாவது பார்க்கணும்னு இருந்துச்சு" என்று மெதுவாகச் சொன்னாள். அதே நேரம் நீ மேசையின் அந்தப் பக்கத்தில் இருந்து, "பார்த்தீங்களா அப்பா, எல்லார் கையிலும் ரிமூவல் வேலை செய்யுது, இப்பதான் பேலன்ஸ் வந்திருக்கு" என்றாய்.

திரும்பும்போது பஸ்ஸில் ஆற்றுப் பாலம் தாண்டும்வரை நீ பேசிக்கொண்டே வந்தாய். பெட்டியின் பக்கவாட்டில் 'சோதித்துப் பார்த்தவர்' என்று என் பெயரைப் போடப் போகிறாய் என்றும் சொன்னாய். எனக்கு இறங்கிப்போய்விட வேண்டும் போல் இருந்தது. ஷாமினி யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு இருந்தாள். அவள் அம்மாவின் ஊரை நீதான் தண்ணீருக்குள் இருந்து எடுத்துக் கொடுத்தாய், நீயேதான் அதை இரண்டு கொழுந்துக்கு விற்றும்விட்டாய். அதை உனக்குத் தெரியாமலே செய்ததுதான் என்னைப் போட்டுப் படுத்துகிறது. பக்கத்தில் இருந்தவளின் முகத்தை ஒருமுறை பார்த்திருந்தால் போதுமே. இதைச் சொல்ல அந்த பஸ்ஸில் நிறைய நேரம் இருந்தது. "ஆட்கள் நல்ல ஆட்கள்" என்று மட்டும் சொன்னேன்.

கோபத்தில் எழுதினால் பிழை வரும் என்று இரண்டு நாள் சீட்டுகளை மேசையில் பரப்பி வைத்துப் பார்த்தேன். மாகாணப் பரீட்சைக்கு வினாத்தாள் தயாரிக்கப் போன காலத்தில் நாங்கள் ஒன்று பார்ப்போம். எல்லாப் பிள்ளைகளும் சரியாகச் செய்யும் கேள்வி தாளில் இடத்தை அடைத்துக்கொள்ளும், யார் படித்தவன் யார் படிக்காதவன் என்று காட்டாது. குளவி இப்போது அப்படித்தான் இருக்கிறது. எல்லோரும் முதலில் அதையே எடுக்கிறார்கள், எடுத்ததும் யோசிக்காமல் போடுகிறார்கள். தெரிவு செய்ய ஒன்றும் இல்லை. அகற்றும் சீட்டு வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அது இல்லாவிட்டால் முதலில் பெரிய மிருகத்தை வைத்தவன் வென்றுவிடுவான். ஆனால் ஒரு சீட்டை மேலே கொண்டுவர ஒருத்தி நான்கு சுற்று பொறுக்க வேண்டும் என்றால், அதை இறக்குகிறவனும் எதையாவது இழந்துதான் இறக்க வேண்டும். நான்கு கொழுந்தைச் செலவழித்துவிட்டால் அந்தச் சுற்றில் அவன் வேறு ஒன்றும் வைக்க முடியாது. அப்போதுதான் கொட்டுவதா விடுவதா என்று அவன் கொஞ்சமாவது யோசிப்பான்.

ஆகவே குளவியை நான்குக்கே திருப்பு, தன் சுற்றில் மட்டும் போடலாம் என்று ஆக்கு, பொதியில் கூட்டியதைக் குறை. மண்சரிவு இருக்கிறபடி இருக்கட்டும், போடுகிறவனுடையதும் ஒன்று போவதால் அதன் விலை அதற்குள்ளேயே இருக்கிறது. இடமாற்றக் கடிதம்தான் நீ எழுதியதில் ஆகச் சிறந்தது. ஒருவனுக்கு நேரம் போகிறது, பொருள் போவதில்லை. அதைத் தொடவேண்டாம். மூழ்கி மேலே வந்த சீட்டை, வைத்தவருக்கு ஒரு சுற்று வரும்வரை யாரும் தொட முடியாது என்று ஒரு வரி சேர். உன் மற்றப் புதிய விதி, சொந்தச் சீட்டை எதிராளிக்கு ஒரு சுற்று கைமாற்றாகக் கொடுத்துக் கொழுந்து வாங்குவது, ஞாயிற்றுக்கிழமை யாரும் அதைச் செய்யவில்லை என்று அதை எடுத்துவிடப் போவதாகச் சொன்னாய். எடுக்காதே. கொடுத்த சீட்டு திரும்பி வரும் முன் குளவி கொட்டிவிடும் என்று பயந்துதான் யாரும் கொடுக்கவில்லை. குளவி குறைந்தால் அது தானாக நடக்கும் என்று நினைக்கிறேன். நினைக்கிறேன் என்றுதான் எழுதுகிறேன். நான்கு அதிகமாகி மூன்று சரியாக வரலாம், எனக்கு நிச்சயம் இல்லை. உங்கள் வயதில் இருப்பவர்கள் விளையாடும் வேகம் எனக்கு இல்லை. இரண்டு பிழை என்பது மட்டும் நிச்சயம்.

இவ்வளவையும் எழுதிவிட்டு, சோதிக்காமல் சொல்கிறேனே என்று மீண்டும் சந்தேகம் வந்தது. இன்று காலை அம்மாவை மேசைக்குக் கூப்பிட்டேன்.

"அவன் இல்லாத நேரத்துல அவன் சீட்டோட உங்களுக்கு என்ன வேல?"

"நீ அவனோட சீட்டுக்கட்ட எடு. நான் உனக்கு எதிரா விளையாடுறேன். குளவி நாலு கொழுந்து."

உன் கட்டு என்றதும் உட்கார்ந்தாள். பழைய கடைவீதியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, உன் சிறுத்தையை மேசையில் வைத்தாள். நான் கண்ணை மூடிக்கொள்ளாத குறையாகக் குளவியை அதன் மேல் வைத்தேன்.

"நெசமாவே போட்டீங்களா?"

"போட்டேன்."

"எடுங்க அத."

"எடுக்கமாட்டேன்."

அடுப்பில் சோறு பொங்கி வழிந்தது. அவள் போய் இறக்கிவிட்டு வந்து, கொழுந்தை எண்ணினாள். போதவில்லை. அடுத்த சுற்றில் வேறு ஒன்றும் வைக்காமல் சேர்த்தாள். அதற்கு அடுத்த சுற்றில், "அப்ப இந்தாங்க" என்று என் எருமையின் மேல் ஒரு குளவியை அடித்து வைத்தாள். மேசை அதிர்ந்தது. இத்தனை மாதத்தில் அவள் போட்ட முதல் குளவி. அதன் பிறகு கொழுந்தைச் சேர்க்கவும் செலவழிக்கவும் தயங்கித் தயங்கி விளையாடினோம். கடைவீதி மேலே வரும் சுற்றுக்கு என் கையில் இன்னொரு குளவி இருந்தது. ஆனால் அதற்கு முந்திய சுற்றில் அவள் லொறியைத் தடுக்க என் கொழுந்தைச் செலவழித்துவிட்டேன். "வந்துருச்சி பாருங்க" என்று அவள் அதை நிமிர்த்தினாள். அது நின்றது. அடுத்த சுற்றில் எனக்குக் கொழுந்து இருந்தது, ஆனால் அதற்குள் அது என் வீட்டின் பாதியை இடித்திருந்தது. வென்றது அம்மா. நான் ஏன் தோற்றேன் என்று எனக்கு ஒவ்வொரு படியாக விளங்கியது. ஒரு விளையாட்டில் தோற்று இவ்வளவு சந்தோஷப்பட்டது எப்போது என்று நினைவில்லை.

ஆகவே வெள்ளிக்கிழமை அனுப்பாதே. இதை நான் கெஞ்சிக் கேட்கவில்லை, சொல்கிறேன். அச்சகத்துக்காரருக்கு ஒரு கிழமை பொறுக்க முடியும். கல்யாணத்துக்கு வரும் உன் கூட்டாளிகளுக்குப் பெட்டி பிந்திக் கிடைத்தால் ஒன்றும் குறைந்துவிடாது. சனிக்கிழமை வா. புசல்லாவைக்குப் போய் ஷாமினியையும் கூட்டிக்கொண்டு வா, ரிஸ்வானும் வரட்டும். பழைய விலையில் விளையாடிப் பார்ப்போம். உன் சீட்டை நான் கொட்டுவேன். கொட்டும்போது என் முகத்தைப் பார்க்காதே, எனக்கு அது இன்னும் பழகவில்லை. அதற்குப் பிறகு இரண்டுதான் சரி என்று உனக்குத் தோன்றினால் உன் விருப்பம், விளையாட்டு உன்னுடையது. அப்படியென்றால் பெட்டியில் இருந்து என் பெயரை மட்டும் எடுத்துவிடு.

அம்மா சமையலறையில் இருந்து கேட்கிறாள், தான் சொல்லச் சொன்னதை எழுதினேனா என்று. அவள் சொன்னபடியே எழுதுகிறேன்: "சனிக்கிழம நான் அவனுக்கு நேர் எதிர்லதான் உக்காருவேன். மூனு குளவி எடுத்து வச்சிருக்கேன். ஷாமினியோட கடைவீதிய மறிக்க அவன் எந்தச் சீட்ட வச்சாலும் போடுவேன்னு எழுதுங்க."

அப்பா